அம்மா பிடித்த கூட்டு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்:

அம்மா, வெரோனிகா. வயது ஐம்பத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தாள்.

நான், கேவின். இருபத்தேழு. இரவு வேலை முடிந்து தூங்காமல் வந்தவன்.

பிரெண்டா, என் அக்கா. செராஸில் அவளுடைய ஆபீஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு, கைப்பேசி ஸ்பீக்கர் வழியாக மட்டும்.

லோகேஸ்வரி, கடன் ஆலோசகர்.

அப்பா, மாரிஸ். செத்து மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் அங்கே நிரப்பிய பாரத்தில் அவர் பெயரும் வந்தது. அதனால் சேர்த்துக்கொள்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடி. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. படிக்கட்டு முழுக்க ரச வாசனை. புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் முறை. அங்கே ஆலோசனைக்குக் காசு கிடையாது. அம்மா அதை நம்பாமல் கைப்பையில் ஐம்பது வெள்ளித் தாளைத் தனியாக மடித்து வைத்திருந்தாள்.

பேங்க் அனுப்பிய கடிதங்களை நான் எங்கள் வீட்டு ஓடாத வாஷிங் மெஷினுக்குள் கண்டுபிடித்திருந்தேன். ஐம்பத்து மூன்று. அதில் நாற்பதுக்கு மேல் பிரிக்கவே இல்லை. கடைசியாக வந்தது வீட்டுக் கடனைப் பற்றியது. ஐந்து மாதப் பாக்கியை முப்பது நாளுக்குள் கட்டவில்லை என்றால் வீடு ஏலத்துக்குப் போகும். நான் அதைப் படித்தபோது பதினோரு நாள் போயிருந்தது. கிள்ளானில் தெலுக் பூலாய் பக்கம் அந்த வீடு. ஒரு மாடி, இரண்டு அறை, மழை வந்தால் சமையலறையில் வாளி. பெரிய மாளிகை இல்லை. ஆனால் அதை விட்டால் எங்களுக்குப் போக இடம் இல்லை.

லோகேஸ்வரி கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரித்து, படித்து, தட்டச்சு செய்து, கவிழ்த்து வைத்தார். மேசையில் டிஷ்யூ பெட்டி இருந்தது. அதை எங்கள் பக்கம் தள்ளவில்லை. எனக்கு அது பிடித்தது.

கிரெடிட் கார்டு மூன்று, மொத்தம் நாற்பத்தோராயிரம். பெர்சனல் லோன் இருபத்தெட்டாயிரம். அது அப்பாவின் ஆஸ்பத்திரிக்கும் பிரெண்டாவின் கல்யாணத்துக்கும் எடுத்தது. கல்யாணம் என்றதும் ஸ்பீக்கரில் மீட்டிங் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அவள் போகாமல் இருந்தாள்.

என் பக்கம் திரும்பி, தம்பிக்கு ஏதாவது இருக்கிறதா என்று லோகேஸ்வரி கேட்டார். படிப்புக் கடன் பதினேழாயிரம் என்றேன். என்ன படித்தீர்கள் என்றார். முடிக்கவில்லை என்றேன். அதையும் தட்டச்சு செய்தார்.

என் கையில் இருந்த பாரத்தின் அடுத்த பக்கத்தில் வருமானம். அம்மா ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கிறாள், ஆயிரத்து இருநூறு. அப்பா பேரில் வரும் சொக்சோ, அதாவது தொழிலாளர் காப்புறுதிப் பென்ஷன் தொள்ளாயிரம். எனக்குக் கிடங்கில் இரண்டாயிரத்து முந்நூறு. அதற்குக் கீழே சேமிப்பு என்று ஒரு கட்டம். நான் 'இல்லை' என்று எழுதப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"இருக்குடா. எழுது. கூட்டு. ஆறாயிரத்து நானூறு, நாலு பங்கு."

அம்மா கூட்டு பிடிக்கிறாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, பதினெட்டு வருஷமாக. இந்தத் தடவை பதினாறு பங்கு. பங்குக்கு மாதம் நானூறு வெள்ளி. சேர்கிற ஆறாயிரத்து நானூறை மாதம் ஒருவர் எடுப்பார். முதல் மாதம் கூட்டு பிடிப்பவருக்கு. மற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கி முதல் நாளே மாதம் குறித்துவிடுவார்கள். பதினாறு மாதத்தில் எல்லோரும் ஒரு தடவை எடுத்து முடித்துவிடுவார்கள். யாராவது கட்டாமல் ஓடினால் பிடிப்பவர்தான் போட்டுக் கட்டவேண்டும்.

"அப்போ இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல இருக்காம்மா?" என்றாள் பிரெண்டா. குரலில் உயிர் வந்திருந்தது.

லோகேஸ்வரி கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "நாலு பங்கும் உங்க பேர்லயா ஆன்டி?"

"ஒண்ணு என் பேரு. ஒண்ணு கேவின், ஒண்ணு பிரெண்டா, ஒண்ணு மாரிஸ்."

"மாரிஸ் யாரு?"

"என் வீட்டுக்காரரு."

"அவரும் கட்டுறாரா?"

"செத்துப்போயிட்டாரு மிஸ்."

நான் மேசையைப் பார்த்தேன். என் பெயரில் ஒரு பங்கு ஓடுவது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"சரி," என்றார் லோகேஸ்வரி. "எந்த எந்த மாசம் எடுக்கப் போறீங்க?"

"நாலும் எடுத்தாச்சு," என்றாள் அம்மா. முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. "மொதல் மாசம், மூணாவது, அஞ்சாவது, ஆறாவது. இப்ப இது பத்தாவது மாசம்."

"எடுத்தாச்சுனா அது சேமிப்பு இல்ல ஆன்டி. கடன்."

"கடன்னா பேங்க்ல வாங்குறது. இது எங்களுக்குள்ள."

கட்டாமல் ஓடியவர்கள் உண்டா என்று லோகேஸ்வரி கேட்டார். ஒருத்தி உண்டு, எட்டாம் மாதம் எடுத்துவிட்டு ஜொகூருக்குப் போய்விட்டாள், அவளுடையதையும் அம்மாதான் கட்டுகிறாள். ஆக ஐந்து பங்கு, மாதம் இரண்டாயிரம். இதுவரை எதிலிருந்து கட்டினீர்கள் என்று கேட்டார். அம்மா அந்த மூன்று கிரெடிட் கார்டுகளின் கடிதங்களைப் பார்த்தாள்.

அக்கா போனை வைத்துவிட்டாள்.

லோகேஸ்வரி ஒரு கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் எழுதினார். கார்டையும் லோனையும் ஒன்றாக்கிக் குறைந்த வட்டியில் கட்டினால் மாதம் எழுநூற்று எண்பது. வீட்டுக்குப் பாக்கியோடு சேர்த்து எண்ணூற்று ஐம்பது. சாப்பாடு, தண்ணீர், மின்சாரம், பஸ், எல்லாம் ஆயிரத்து தொள்ளாயிரம். மிச்சம் எண்ணூற்று எழுபது. அதற்குக் கீழே கூட்டு, இரண்டாயிரம், இன்னும் ஏழு மாதம் என்று எழுதி வட்டம் போட்டார்.

பேங்க் கடனுக்குத்தான் தன்னால் திட்டம் போடமுடியும் என்றார். கூட்டு பிடிப்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை, அதை எழுத அவரிடம் பாரமும் இல்லை. ஆனால் அதைச் சரி செய்யாமல் திட்டத்தை ஆரம்பித்தால் மூன்றாவது மாதம் எல்லாம் சேர்ந்து விழும். முதல் தவணை பதினைந்தாம் தேதி. அது தவறினால் ஏலத்தை யாராலும் நிறுத்த முடியாது.

"அப்போ என்ன செய்ய?" என்றேன்.

"இந்த ஞாயித்துக்கிழமை கூட்டுக் காசு கட்ட எல்லாரும் வரும்போது உண்மையைச் சொல்லுங்க. மத்தவங்க கட்டுறது மாசம் நாலாயிரத்து நானூறு வரும். எடுக்கிறவங்களுக்கு அதைக் குடுங்க. குறையுற ரெண்டாயிரத்தை எழுதிக் குடுங்க. ஏழு பேருக்குப் பதினாலாயிரம். மாசம் அறுநூறு கட்டினா ரெண்டு வருஷம்." அம்மாவையே பார்த்துச் சொன்னார். "எங்கம்மாவும் கூட்டு பிடிச்சாங்க ஆன்டி. சொல்லல. வட்டிக்கு விடுற ஆலோங்கிட்ட வாங்கி வாங்கிக் கட்டுனாங்க. ஒரு நாள் விடியக்காலையில செந்தூலை விட்டு லோரியில வந்தோம். எனக்குப் பதினாலு வயசு."

அம்மா கைப்பையைத் திறந்து அந்த ஐம்பது வெள்ளியை எடுத்தாள். லோகேஸ்வரி தலையை ஆட்டினார். அம்மா திரும்பப் பைக்குள் வைத்தாள்.

கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வரும்வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். நான் இரண்டு தடவை தூங்கி விழுந்தேன். ஷா ஆலம் தாண்டியதும் பேசினாள். ஏற்கெனவே எடுத்தவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள் என்றாள். பிடித்தவளிடமே காசு இல்லை என்று தெரிந்தால் அவர்கள் அடுத்த மாதம் ஏன் கொண்டுவரப் போகிறார்கள்? அவர்கள் நின்றால் இன்னும் எடுக்காத ஏழு பேரும் அவள் கழுத்தைப் பிடிப்பார்கள். இந்த மாதம் இராஜம்மாவின் மாதம். பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். மகளின் நர்சிங் கல்லூரிக்குக் கட்ட அந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறாள்.

அம்மா சொன்னது சரிதான்.

"நான் பாத்துக்கிறேன்," என்றாள். இந்த வார்த்தையைத்தான் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. பேங்க் ஆள்கள் வீடு தேடி வர ஆரம்பித்ததிலிருந்து, நான் வேலைக்குப் போகும்போது முன்கேட்டை வெளிப்பக்கமாகப் பூட்டிவிட்டுப் போவேன். அம்மா உள்ளே இருப்பாள். டிவி போடமாட்டாள், முன்விளக்கு போடமாட்டாள். பூட்டு வெளியே தொங்கினால் வீட்டில் ஆள் இல்லை என்று கணக்கு. வருகிறவர்கள் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுக் கேட்டில் கடிதத்தைச் செருகிப் போவார்கள், நான் வருவதற்குள் அம்மா அதை எடுத்துவிடுவாள். எங்கள் வரிசையில் நான்கைந்து வீடுகளில் இதே வேலைதான். அதனால் அக்கம்பக்கத்தார் ஏமாற மாட்டார்கள். நேராக மின்சார மீட்டரைப் பார்ப்பார்கள். புது மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னும். உள்ளே காற்றாடி ஓடினால் வேகமாக மின்னும்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா குளிக்கப் போயிருந்தபோது சமையலறை மேசையில் அவள் போன் ஒளிர்ந்தது. பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை. பார்த்தேன். ரிஷி என்று ஒருவன். நாளை மூன்று மணி, ஐசி அடையாள அட்டை நகல், ஏடிஎம் கார்டு, பின் நம்பர், காசு கையில். கடைசியில் கும்பிடுகிற கை படம்.

மேலே தள்ளிப் படித்தேன். கடன் இரண்டாயிரத்து ஐந்நூறு. முன்வட்டி ஐந்நூறு போக இரண்டாயிரம் கைக்கு வரும். கார்டு அவர்களிடம் இருக்கும். அம்மாவின் சம்பளமும் பென்ஷனும் அந்தக் கார்டில்தான் விழுகிறது. மாதம் பிறந்தால் அவர்களே எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். மிச்சம் எவ்வளவு என்பதும் அவர்கள் கணக்கு.

அம்மா ஈரத் தலையோடு வந்தாள். என் கையில் போனைப் பார்த்தாள்.

கார்டைக் கொடுத்தால் பதினைந்தாம் தேதி கட்ட ஒன்றும் இருக்காது, வீடு போய்விடும் என்றேன். தெரியும் என்றாள். தெரிந்துமா என்றேன்.

"நாளைக்கு இராஜம்மா கையில முழுசா வைக்கலைனா நான் பாசார்ல தலைகாட்ட முடியாதுடா."

"செத்த மனுஷன் பேர்ல எடுத்தப்போ மட்டும் காட்ட முடிஞ்சுதா?"

அவள் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள், மேசையில் தட்டை வைக்கும் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்தாள். மாலை வருகிறவர்களுக்குக் கறிபாப் பலகாரம் முப்பது வாங்கி வைத்தாள். அதற்கும் கடனா என்று கேட்கவில்லை. இரண்டரை மணிக்குக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். பிறகு சேலை முந்தானையில் ஏதோ முடிந்துகொண்டாள். கார்டு என்று தெரிந்தது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டைச் சாத்தினேன். வழக்கமான பூட்டை வழக்கம்போல வெளிப்பக்கமாகப் போட்டேன். சாவியைப் பாக்கெட்டில் வைத்தேன். அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"எங்கடா போற? சாவியைக் குடு."

ரோட்டைக் கடந்தேன். எதிரே ஒரு வீடு ஒரு வருஷமாகக் காலியாக இருக்கிறது. அதுவும் ஏலத்தில் போனதுதான். அதன் கார் நிறுத்துகிற இடத்தில், கிழிந்த வாடகை விளம்பரத்துக்குப் பின்னால் நின்றேன்.

இது முட்டாள்தனம் என்று எனக்கே தெரியும். கேட் முழுக்கக் கம்பிதான். கார்டு ஒரு விரல் அகல இடைவெளியில் நுழையும். பூட்டு எதையும் தடுக்காது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

ரிஷி மூன்று ஐந்துக்கு வந்தான். புது மோட்டார் சைக்கிள். இஸ்திரி போட்ட சட்டை, முடியை ஒழுங்காக வெட்டியிருந்தான். இன்சூரன்ஸ் விற்க வந்தவன் மாதிரி இருந்தான். பூட்டைப் பார்த்தான். பிறகு கழுத்தை நீட்டி மீட்டரைப் பார்த்தான்.

"ஆன்டி, உள்ளதான் இருக்கீங்க லா. காத்தாடி ஓடுது."

போன் அடித்தான். எங்கள் வீட்டுக்குள் மணி ஒலிப்பது ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேட்டது. நின்றது. மறுபடி ஒலித்தது. போய் அவன் சட்டையைப் பிடிக்கலாம். பிடித்தால் இன்று போய்விடுவான். நான் வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிறேன், அப்போது வருவான். அதோடு எனக்குப் பயமும் இருந்தது. இரண்டும் உண்மை.

மரக்கதவு திறந்தது. அம்மா வெளியே வந்தாள். கேட்டுக்கு இரண்டடி தள்ளி நின்றாள். வலது கை முந்தானை முடிச்சின் மேல் இருந்தது.

"மகன் பூட்டிட்டுப் போயிட்டான் தம்பி."

"பரவால்ல ஆன்டி. கேட்டைத் தொறக்க வேண்டாம். கம்பி வழியா குடுத்தா போதும். காசும் அப்படியே குடுத்துருவேன்." அவன் ஒரு வெள்ளை உறையை எடுத்துக் கம்பிக்குள் நீட்டினான். மரியாதையாக, இரண்டு கையாலும்.

அம்மா அந்த உறையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நூறு வெள்ளித் தாள் இருபது எவ்வளவு தடிமன் இருக்கும் என்று எங்கள் வீட்டில் அவளுக்குத்தான் தெரியும்.

"பெத்த தாயை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிருக்கான்," என்றாள். "அப்படிப்பட்டவன் கார்டை மட்டும் விட்டுட்டா போவான்?"

ரிஷி சிரித்துவிட்டான். "உங்க மகன் வெவரமான ஆளு ஆன்டி."

"அவங்கப்பன் மாதிரி இல்ல."

சரி, செவ்வாய்க்கிழமை வருகிறேன், கார்டை வாங்கி வையுங்கள் என்று சொல்லி உறையைச் சட்டைப் பையில் வைத்தான். போகும்போது காலி வீட்டின் பக்கம் திரும்பி, கிழிந்த விளம்பரத்தைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தான். முதலிலிருந்தே என்னைக் கண்டிருக்கிறான்.

நான் போய்ப் பூட்டைத் திறந்தேன். அம்மா கூடத்தில் கறிபாப் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை அவிழ்த்துக் கார்டை மேசைமேல் வைத்தாள்.

"எடுத்து உன் பர்ஸ்ல வை. அவன்கிட்ட நான் சொன்னது பொய்யா இருக்கக் கூடாது."

வைத்துக்கொண்டேன்.

நான்கு மணிக்குப் பெண்கள் வந்தார்கள். எங்களையும் ஓடிப்போனவளையும் கழித்தால் பதினோரு பேர். வந்தது ஒன்பது. முதலில் வந்தவள் இராஜம்மா. பள்ளிக்கூடக் கேண்டீன் வேலையில் விரல்நுனி எல்லாம் வெளுத்துப்போனவள். அம்மாவைவிடப் பத்து வயது சின்னவள். மகளின் கல்லூரிக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். வழக்கம்போல ஒவ்வொருவரும் நானூறை மேசையில் வைக்க, அம்மா நோட்டில் குறித்தாள். மூவாயிரத்து அறுநூறு சேர்ந்தது. எல்லோரும் கறிபாப்பை எடுத்துக்கொண்டு, மீதியை அம்மா எப்போது உள்ளேயிருந்து கொண்டுவரப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா உட்கார்ந்தே சொன்னாள். லோகேஸ்வரி எழுதிக் கொடுத்த தாளைக் கையில் வைத்திருந்தாள், ஆனால் பார்க்கவில்லை. நாலு பங்கையும் எடுத்துச் செலவழித்தது, கார்டைத் தேய்த்துக் கட்டியது, வீட்டுக்குக் கடிதம் வந்தது, இந்த மாதம் இரண்டாயிரம் இல்லை, வரும் மாதங்களிலும் இருக்காது, மாதம் அறுநூறாக இரண்டு வருஷத்தில் எல்லோருக்கும் தீர்க்கிறேன் என்பது. அழவில்லை. அவள் அழுதிருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒருத்தி கையிலிருந்த கறிபாப்பைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

நான்காம் மாதம் எடுத்த தனலெட்சுமி எழுந்தாள். மேசையிலிருந்து தன் நானூறை எண்ணி எடுத்தாள். அவளுக்கும் வீட்டில் செலவு இருக்கிறது, பிடித்தவர் கட்டாத கூட்டில் தான் மட்டும் ஏன் கட்டவேண்டும் என்றாள். ரயிலில் அம்மா சொன்னது இதுதான். இன்னொருத்தியின் கையும் மேசையை நோக்கி நகர்ந்தது.

"நீ எடுத்தப்போ நான் கட்டுனேன் தனம்," என்றாள் இராஜம்மா. குரலை உயர்த்தவில்லை. "கேண்டீன்ல ஒரு நாள் கழுவுனா நாப்பத்தஞ்சு வெள்ளி. அதுல கட்டுனேன். எடுத்துட்டுப் போறதுன்னா போ. ஆனா உன் வீட்டுக்கு நான் தெனமும் வருவேன். காலையில வேலைக்குப் போறப்போ ஒரு தடவை, திரும்புறப்போ ஒரு தடவை."

தனலெட்சுமி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் நகர்ந்த அந்த இன்னொரு கை திரும்ப மடிக்குப் போனது.

மிச்சம் இருந்தது மூவாயிரத்து இருநூறு. ஆறாயிரத்து நானூறில் சரியாகப் பாதி. இராஜம்மா எண்ணினாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை. பிளாஸ்டிக் உறையில் மகளின் கடிதத்தோடு வைத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"என் மகளுக்குப் பத்தொம்பதாம் தேதி கடைசி நாளுக்கா. பாதி கட்டுனா உள்ள விடுவாங்களான்னு எனக்குத் தெரியாது. போய்க் கேக்கணும். கெஞ்சணும். உன்னால."

அம்மா நோட்டில் இராஜம்மா பெயருக்கு எதிரே மூவாயிரத்து இருநூறு என்று எழுதினாள்.

"நோட்டைக் குடு."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பதினெட்டு வருஷமாக அந்த நோட்டு எங்கள் வீட்டு மேரிமாதா படத்துக்குக் கீழேதான் இருந்தது. நோட்டு தீர்ந்தால் புது நோட்டு வரும், இடம் மாறாது. எங்கள் தாமான் குடியிருப்பில் அம்மாவை எல்லோரும் வெரோனிக்காக்கா என்று தேடி வந்ததற்கு வேறு காரணம் கிடையாது. இராஜம்மா கையை நீட்டியபடியே இருந்தாள். அம்மா நோட்டை மூடி, பேனாவை அதன் ரப்பருக்குள் செருகிக் கொடுத்தாள்.

அடுத்த மாதத்திலிருந்து கூட்டு இராஜம்மாவின் வீட்டில். அம்மா ஐந்தாம் தேதிக்குள் அறுநூறைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து போடவேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். மீதிக் கறிபாப்பை யாரும் தொடவில்லை. ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் அம்மாவிடம் போயிட்டு வரேன் என்று சொன்னார்கள். மற்றவர்கள் சொல்லவில்லை.

இராஜம்மா கடைசியாகக் கேட்டருகே நின்று, கம்பியில் தொங்கிய பூட்டை விரலால் ஆட்டினாள்.

"இனிமே இதை வெளிய போட்டுட்டு உள்ள உக்காராதக்கா. எங்க வீட்லயும் இதேதான் பண்றோம். எனக்கு எங்க பாக்கணும்னு தெரியும். நான் வந்து கூப்ட்டா நீ எந்திரிச்சு வரணும்."

அவள் போன பிறகு அம்மா நாற்காலிகளை மடக்கினாள். கறிபாப் பதினெட்டு மிச்சம். பாதியை எனக்கு வேலைக்குக் கட்டிக் கொடுத்தாள். லோகேஸ்வரிக்கு நான் நடந்ததை வாட்சாப்பில் எழுதினேன். பதில் உடனே வந்தது. பதினைந்தாம் தேதி தவணைக்கு ஒரு நாள் முன்பே காசு கணக்கில் இருக்கட்டும் என்று. சபாஷ், நல்லது, அப்படி எதுவும் இல்லை.

ஆறரை மணிக்குக் கிளம்பினேன். வெளியே வந்து கேட்டைச் சாத்திப் பூட்டைக் கையில் எடுத்துவிட்டேன். கை தானாகச் செய்கிற வேலை. அம்மா கேட்டுக்கு உள்ளே நின்றாள். கம்பி வழியாகக் கையை நீட்டினாள்.

"குடு."

"அம்மா, செவ்வாய்க்கிழமை அந்த ரிஷி வருவான். பூட்டு வெளிய இருந்தா மகன் பூட்டிட்டான்னு சொல்லலாம். உள்ள போட்டா என்ன சொல்லுவ?"

அவள் யோசித்தாள். என் பர்ஸில் அவள் கார்டு இருந்தது, ஆனால் பின் நம்பரும் அவளிடம் இருக்கிறது, போனும் அவளிடம் இருக்கிறது, பேங்க்கில் போய்க் கேட்டால் புதுக் கார்டு பத்து நிமிஷத்தில் கொடுப்பார்கள்.

"அவன் வந்தா பாக்கலாம்," என்றாள். "இராஜம்மா நாளைக்கே வந்தாலும் வருவா. பூட்டைக் குடுடா. உனக்கு பஸ் போயிடும்."

பூட்டையும் சாவியையும் கம்பி இடைவெளியில் கொடுத்தேன். அவள் அதை உள்பக்கமாக மாட்ட இடம் தேடினாள். இத்தனை வருஷத்தில் உள்ளேயிருந்து பூட்டிப் பழக்கம் இல்லை. சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு துளையைப் பிடித்து அழுத்தினாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

நான் பக்கத்து வீட்டைத் தாண்டும்போது எனக்குப் பின்னால் எங்கள் வாசல் கிரில் இழுபட்டது. பிறகு மரக்கதவு சாத்தப்பட்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.